யாருடைய முதல் கார்?

எண்பதுகளில் வந்த சின்னக் கார்களைப் பற்றிய ஏக்கம் இப்போது நன்றாக விலைபோகிறது. ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், பழைய வண்டிக் கண்காட்சியில், கல்யாண மண்டபத்து அரட்டையில், எங்கே பார்த்தாலும் மாருதி 800-தான் 'நம் எல்லோருடைய முதல் கார்'. ரெக்ஸின் சீட்டின் வாசம், சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணியது, ஒரே வண்டிக்குள் ஏழு பேர் நெருக்கியடித்துக்கொண்டு ஏற்காடு போனது... எழுதுகிறவர்கள் நன்றாகத்தான் எழுதுகிறார்கள். அந்த 'நம்' என்கிற சொல்லோடுதான் எனக்குத் தகராறு.

நிலத்துக்குப் பட்டா இருப்பதுபோல நினைவுக்கும் பட்டா இருக்கிறது. பொதுவில் கிடக்கும் நினைவை யார் பேரில் எழுதிக்கொள்வது என்பதில்தான் எல்லா அரசியலும் இருக்கிறது. காரை வாங்கியவன் நினைவு வரலாறாகிவிடுகிறது. அதைக் கழுவியவன், சீட் தைத்தவன், ஒடுங்கின தகரத்தைத் தட்டி நிமிர்த்தினவன், புழுதி மேலே படாமலிருக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டோரம் ஒதுங்கி நின்றவள், இவர்களுக்கும் அதே காரைப் பற்றி நினைவு உண்டு. சேலம் – நாமக்கல் சமவெளியில் நின்றுகொண்டு அந்த நினைவை எழுதிப் பார்க்கிறேன். மாருதி எங்கள் வரலாற்றிலும் இருக்கிறது. 1983-இல் வரவில்லை, இருபது வருசம் கழித்து, நாலு கை மாறி வந்தது. வந்தபோது அது செய்த வேலையும் வேறு.

1

முதலில் வண்டி பிறந்த கதை. பிரதமர் இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்திக்கு வருசத்துக்கு 50,000 கார் செய்ய அனுமதி கிடைத்து, 1971-இல் மாருதி மோட்டார்ஸ் தொடங்கியது. அரியானாவில் பன்சிலால் ஆட்சி குர்கான் விவசாயிகளிடமிருந்து ஏறத்தாழ 300 ஏக்கரை எடுத்து அந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது. 'மக்கள் கார்' வருகிறது என்றார்கள். 1977-இல் ஆட்சி கவிழ்ந்ததும் கம்பெனியும் படுத்துவிட்டது. அதில் நடந்த முறைகேடுகளை விசாரிக்க நீதிபதி ஏ.சி. குப்தா கமிஷன் போடப்பட்டது. 1980 ஜூன் 23-இல் சஞ்சய் விமான விபத்தில் இறந்தார். மறுபடி பதவிக்கு வந்திருந்த தாயின் அரசு அதே வருசம் கம்பெனியை அரசுடைமை ஆக்கியது. 1982 அக்டோபரில் ஜப்பானின் சுசுகி கம்பெனி 26 சதவீதப் பங்கோடு உள்ளே வந்தது. 1983 டிசம்பர் 14-இல் ஹர்பால் சிங் என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியரின் கையில் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தார்.

மூன்று சிலிண்டர், 796 சி.சி., 12 அங்குலச் சக்கரம். டிக்கி தனியாக வெளியே துருத்தாமல் பின்பக்கம் கதவாகத் திறக்கும் வண்டியை 'ஹேட்ச்பேக்' என்பார்கள். அம்பாசிடரும் பியட்டும் ஸ்டாண்டர்டும் மட்டுமே ஓடின ரோட்டில் அது புது உருவம். நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் சிபானி கம்பெனி இங்கிலாந்து மாதிரியை வைத்து 'டால்பின்' என்ற ஃபைபர் பாடி சின்னக் காரை மாருதிக்குக் கொஞ்சம் முன்பே இறக்கியிருந்தது. மாருதி வந்தபின் அதனால் நிற்க முடியவில்லை. ஐரோப்பாவிலும் பியட் ஊனோ, பெஜோ 205 என்ற சின்னக் கார்கள் வந்தது அதே 1983-தான். அங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் அவற்றை வாங்கினார்கள். இங்கே?

மாருதியின் தொடக்க விலை 47,500 ரூபாய். முன்பதிவுக்கே 10,000 கட்ட வேண்டும். கட்டினவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். குலுக்கலில் பேர் விழுந்தவன், வண்டி வருவதற்குள் சீட்டையே லாபத்துக்கு விற்றான்.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. வீட்டில் தெலுங்கு பேசுகிற அருந்ததியர் சனம் நாங்கள். அவ்வா தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். ராசிபுரத்துக்குத் தெற்கே மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கப் போனால் அப்போது அவ்வாவுக்கு நாளொன்றுக்கு ஐந்து ரூபாய். 47,500-ஐ ஐந்தால் வகுத்தால் 9,500 நாள். ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருக்கக்கூடாது, ஒரு வேளைகூடச் சாப்பிடக்கூடாது. அப்படி 26 வருசம் சேர்த்தால் 2009 கடைசியில் அவ்வா ஷோரூமுக்குப் போயிருக்கலாம். அதற்குள் விலை இரண்டு லட்சத்தை ஒட்டிப் போய்விட்டது. இதைச் சொன்னபோது பொக்கை வாயைத் திறந்து சிரித்தது: "காரு எதுக்குடா எனக்கு? செருப்புப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள போவ விட்டாப் போதாதா?"

அவ்வா விசயத்தைச் சரியாகத்தான் பிடித்தது. 'மக்கள் கார்' என்ற பேச்சில் மக்கள் என்றால் யார் என்று கேட்கவேண்டிய இடம் கால்தான். காலில் என்ன போடலாம், கால் எங்கே நடக்கலாம், எந்த இடத்தில் கால் தரையில் இறங்கியே ஆக வேண்டும்.

2

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவை நம் முன்னோர் நமக்கு எழுதியே வைத்திருக்கிறார்கள். 1893-இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி வில்வண்டி வாங்கி, தலைப்பாகை கட்டி, மாட்டுக்கு மணி கட்டிப் பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். மறித்தவர்களைத் திருப்பி எதிர்த்துத்தான் போக முடிந்தது. அவர் வண்டி வாங்கியது சவாரிக்காக இல்லை, சாலைக்காக.

1901-இல் ஒன்பது, பத்து வயசுச் சிறுவனாக அம்பேத்கர் தன் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் போகிறார். மசூர் ஸ்டேஷனில் இறங்கியதும் மகர் பிள்ளைகள் என்று தெரிந்துவிடுகிறது. ஒரு வண்டிக்காரனும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்டிக்கொண்டு போக, வண்டிக்காரன் தீட்டுப்படாமல் கூடவே நடந்து வருகிறான். அந்தப் பிள்ளை படித்து, பாரிஸ்டர் ஆகி, 1929-இல் சாலிஸ்காவ் போகிறபோதும் அதே கதை. டோங்காக்காரர்கள் அவரை வைத்து ஓட்ட மாட்டோம் என்றார்கள். வரவேற்க வந்த சொந்தச் சனத்தில் ஒருவர், ஓட்டிப் பழக்கமில்லாதவர், ஓட்டினார். வண்டி மோதி அம்பேத்கர் கல்தரையில் விழுந்து கால் முறிந்தது. எவ்வளவு படித்தாலும் வண்டியில் ஏறும் இடத்தில் சாதி காத்துக்கொண்டு நின்றது.

பஸ் வந்தபோது தமிழ்நாட்டிலும் இதே சண்டை. தாழ்த்தப்பட்டோரை ஏற்றாத பஸ்களின் உரிமத்தில் கை வைப்பேன் என்று இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யு.பி.ஏ. சௌந்தரபாண்டியன் உத்தரவு போட்ட பிறகுதான் அந்தப் பக்கம் நம்மவர் பஸ்ஸில் ஏற முடிந்தது. பஸ், ரயில் எல்லாம் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று சொன்னவர்கள் உண்டு. எந்திரம் தானாக எதையும் செய்யவில்லை. உத்தரவும் சண்டையும் சேர்ந்துதான் செய்தன.

எங்கள் ஊரில் சைக்கிளுக்கு இருந்த விதி இது: ஊர்த் தெரு தொடங்குகிற மாரியம்மன் கோயில் முனையில் இறங்கி, கடைசி வீடு தாண்டும்வரை உருட்டிக்கொண்டு போக வேண்டும். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ள வேண்டும். இந்த விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம்.

3

இந்தச் சமவெளியில் கார் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குக் கிணற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

கவலை இறைத்த காலத்தில் கிணற்றுக்குக் கிணறு தோல் வேண்டியிருந்தது. பறிக்கும் தும்பிக்கும் தோல் பதப்படுத்தி, தைத்து, கிழிந்தால் ஒட்டுப் போட்டுக் கொடுத்தது எங்கள் தாத்தன்மார். அதற்கு வருசக் கூலி தானியமாக வரும். பண்ணையக்காரருடைய தண்ணீர் எங்கள் கை வழியாகத்தான் மேலே வந்தது. அந்தத் தண்ணீரை நாங்கள் தொடக்கூடாது. ஆயில் என்ஜினும் கரண்ட் மோட்டாரும் வந்ததும் கவலை போனது, தானியக் கூலியும் போனது. பிறகு கிணறு வற்ற, ஆழ்துளைக்கு ரிக் வண்டி வந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இன்று இந்தியா முழுக்கத் துளை போடுகிறது. நாமக்கல்லில் லாரியும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையும் பெருகின. சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் கிழங்கு மில்கள் வளர்ந்தன. 1981-இல் சேகோசர்வ் சங்கமும் பதிவானது. நிலத்தில் விளைந்த காசை உறவுக்காரர் நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டு லாரியாகவும் ரிக்காகவும் மில்லாகவும் ஆக்கிக்கொண்டார்கள். உழைப்பு என்கிறார்கள்; உழைப்புதான், மறுக்கவில்லை. பங்கு போட நிலமும் உறவும் வேண்டுமே? நிலமில்லாத எங்களுக்கு அந்தத் தொழிலில் கிடைத்தது கிளீனர் வேலையும் லோடு ஏற்றுவதும் பட்டறையில் எடுபிடியும்.

இந்தக் காசிலிருந்துதான் எண்பதுகளின் பின்பாதியில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு மாருதி வந்தது. என் சித்தப்பா அப்போது நாமக்கல்லில் ஒரு குஷன் கடையில் வேலை செய்தார். தாத்தன் தோல் தைத்தார். சித்தப்பா ரெக்ஸின் தைத்தார். ஊசி அதேதான். ஊர்க்காரர் ஒருவருடைய வண்டிக்குச் சிவப்புச் சீட் உறை தைத்து மாட்டிவிட்டு, இறங்கும் முன் ஒரு நொடி அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். "இந்த சீட்டுல இனி எவன்டா உக்காருவான்?" என்று கேட்டு, வேறு உறை போடச் சொல்லியிருக்கிறார் வண்டிக்காரர். சித்தப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்கிற கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: "தைக்கிற கையில இல்லாத தீட்டு, உக்கார்ற சூத்துல மட்டும் எங்கிருந்துடா வந்துச்சு?"

சாதிக்கு இந்தச் சின்னக் கார் ஒரு சிக்கலையும் உண்டாக்கியது. இதைக் கார் வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் பேசிப் பார்த்ததில்லை. அம்பாசிடரில் முதலாளி பின்சீட்டில் சாய்ந்து உட்காருவார். டிரைவர் முன்னால் இருப்பான். நடுவில் இடைவெளி இருந்தது. மாருதியில் பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். முதலாளி முன்சீட்டுக்கு வந்தார். கியர் மாற்றினால் டிரைவரின் கை அவர் தொடையை உரசும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் இரண்டு பேரும் ஒரே மூச்சைத்தான் விட வேண்டும். பண்ணையத்தில் பத்தடி தள்ளி நின்று 'சாமி' என்று கூப்பிட்டவன், காருக்குள் ஒரு சாண் தூரத்தில் இருந்து எப்படிக் கூப்பிடுவான்?

ஊர்க்காரர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். காடும் மேடும் தாண்டி வண்டியைக் கொண்டுசேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஊரே சொல்லும். கார் டிரைவர் வேலை கேட்டுப் போனபோது கிடைத்த பதில்: "லாரின்னா நாளைக்கே வாடா. காருன்னா வூட்டுப் பொம்பளைங்க வருவாங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்." பத்து டன் சரக்கையும் லட்ச ரூபாய் வண்டியையும் நம்பிக் கொடுக்கலாம். 650 கிலோவுக்குள் அடங்குகிற ஒரு தகரப் பெட்டியில் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது. லாரியில் கேபின் தனி. முதலாளி அதில் ஏறுவதில்லை. எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் லாரிக்குப் போய், வீட்டுக் காருக்கு வராமல் போனதன் காரணத்தை இங்கே தேட வேண்டும். 'அவங்களுக்கு லாரிதான் பழக்கம்' என்ற பொதுப்புத்தியில் தேடக்கூடாது.

4

தொண்ணூறுகளில் சந்தை திறந்தது. ஜென், சான்ட்ரோ, மாட்டிஸ் என்று புதுக் கார்கள் வந்தன. பணம் இருந்தவர்கள் மாருதி 800-ஐத் தள்ளிவிட்டுப் பெரிய வண்டிக்குப் போனார்கள். சேலத்து கன்சல்டிங் கடைகளில் பழைய 800-கள் வரிசையாக நின்றன. அவர்களுக்கு ஏக்கம் தொடங்கிய அந்த இடத்தில்தான் எங்கள் வரலாறு தொடங்குகிறது.

2003-இல் அப்பா 1989 மாடல் வண்டி ஒன்றை 40,000 ரூபாய்க்கு வாங்கினார். ஆர்.சி. புத்தகத்தில் ஐந்தாவது பேர் அப்பாவுடையது. எனக்கு அப்போது பதிமூன்று வயசு. சேலத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். வளவுக்குப் போக ஊர்த் தெருவைத் தவிர வேறு தார் ரோடு இல்லை. மாரியம்மன் கோயில் முனையில் சாவடியில் இருந்தவர்கள் கையைக் காட்டினார்கள். சைக்கிள் என்றால் இறங்கி உருட்டலாம். காருக்கு என்ன விதி? அவர்களுக்கே தெரியவில்லை. ஒருத்தர் சொன்னார்:

"எறங்கித் தள்ளிக்கிட்டுப் போடா."

இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கும் இப்போது வருகிறது. அன்றைக்கு வண்டிக்குள் அம்மா, தங்கச்சி, நான் மூன்று பேரும் மூச்சு விடவில்லை. அப்பா என்ஜினை நிறுத்தவில்லை. "தள்ளுனா வண்டி கெட்டுப்போயிருமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, முதல் கியரிலேயே, நடக்கிற வேகத்தில், தெரு முழுக்க ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் வளவுப் பெண்கள் யாருக்கும் காட்டு வேலை இல்லை. இரண்டு மாதம். ஒரு ராத்திரி முன் டயர் இரண்டையும் கிழித்தார்கள். வளவில் சிலரே அப்பாவிடம் வந்து, ஏரிக்கரை மண்பாதையில் போய்வாய்யா, எதுக்கு வம்பு என்றார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. கூலி போனது அவர்களுக்குத்தான். பி.சி.ஆர். கேஸ் போடலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். பேச்சு வார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே நடுச்சாமத்தில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி. ஏரிக்கரைப் பாதையில் மழைச் சேறு. அப்பா ஊர்த் தெரு வழியாக ஹாரன் அடித்துக்கொண்டே போனார். விடியும்போது ராசிபுரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதற்கப்புறம் வண்டியை யாரும் மறிக்கவில்லை.

இதைத் திருந்திவிட்டார்கள் என்று எழுதினால் பொய். சாவடியில் உட்கார்ந்திருந்தவர்களின் பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். மறிக்க ஆள் குறைந்துபோனது, அவ்வளவுதான். மாரியம்மன் நோம்பி மூன்று நாளும் இன்றைக்கும் எங்கள் வண்டிகள் ஏரிக்கரை வழிதான்.

அந்தச் சிவப்பு வண்டி வளவுக்குச் செய்ததைப் பட்டியல் போட்டால், ஆறு பிரசவம், இரண்டு பாம்புக்கடி, ஒரு மருந்து குடித்த கேஸ், எண்ணிக்கை தெரியாத கல்யாணங்கள், என் காலேஜ் இண்டர்வியூ. வில்வண்டிக்கு அய்யன்காளி கொடுத்த வேலையை அந்த 796 சி.சி. வண்டி எங்கள் தெருவில் செய்தது. ஏழாயிரத்துச் சொச்சத்துக்குப் பழைய இரும்பாகப் போனபோது அப்பா அதைப் பார்க்க வரவில்லை.

5

ஏக்கம் மறக்கிற இன்னொரு பக்கம் வண்டியைச் செய்கிற கைகள். 1983 கடைசியில், பிரான்சின் பொய்சி நகரத்தில் பெஜோ குழுமத்தின் டால்போ கார் ஆலையில் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. முன்னால் நின்றவர்கள் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தொழிலாளர்கள். அந்தக் காலத்துக் கார்களை ஏங்கி எழுதுகிறவர்கள் அவர்களைப் பற்றி எழுதுவது அபூர்வம்.

இங்கே, 2012 ஜூலை 18. மாருதி கம்பெனியின் மானேசர் ஆலை. (800 பிறந்தது குர்கான் ஆலையில், கம்பெனி ஒன்றுதான்.) ஜியாலால் என்ற தலித் தொழிலாளியைச் சூப்பர்வைசர் சாதி சொல்லித் திட்டியதில்தான் அன்றைய தகராறு தொடங்கியது என்றது தொழிற்சங்கம். நிர்வாகம் மறுத்தது. மோதலும் தீயும் மூண்டு, மனிதவள மேலாளர் அவனீஷ் குமார் தேவ் உயிரிழந்தார். அந்தச் சாவை எந்தக் காரணம் சொல்லியும் சரியாக்க முடியாது. சிறைக்குப் போன தொழிலாளர்கள் 148 பேர். 2017 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது 117 பேர் விடுதலை. அதற்குள் பலருடைய வருசங்கள் கம்பிக்குள் போயிருந்தன. 13 பேருக்கு ஆயுள் தண்டனை. அதில் ஜியாலாலும் ஒருவர். 2021-இல் புற்றுநோயில் இறந்துபோனார். சாதிப் பேச்சில் தொடங்கியதா என்ற கேள்வி செய்தித்தாளில் ஒரு வரியாக வந்து ஒரு வரியாகப் போனது.

6

2014 ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது. முதல் வண்டியின் கதையும் தெரிந்ததுதான்: ஹர்பால் சிங் 2010-இல் இறந்தபின் தெருவோரம் துருப்பிடித்துக் கிடந்தது. கம்பெனி அதை எடுத்துப் புதுப்பித்துத் தன் தலைமையகத்தில் நிறுத்தியிருக்கிறது. டி.ஐ.ஏ. 6479 என்ற அதன் நம்பர்கூட வரலாறு. நல்லது, இருக்கட்டும். ஐந்தாவது பேருக்கு வந்த வண்டிகளின் வரலாற்றை எந்தக் கம்பெனியும் எழுதாது.

அதனால் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் சேரியில், வளவில், காலனியில் வயசானவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நாலு சக்கர வண்டியில் நீங்கள் முதன்முதலாக ஏறியது எப்போது, எதற்கு? நான் எங்கள் வளவில் கேட்டேன். கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து என்றார்கள் சிலர். ஆஸ்பத்திரி வேனில் என்றார்கள் சிலர். தெரு வழியாகப் பிணம் போன தகராறில் போலீஸ் ஜீப்பில் என்றார் ஒரு தாத்தா. 'முதல் கார்' என்ற சொல்லுக்கு எங்கள் அகராதியில் இவ்வளவு பொருள் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: உங்கள் வளவுக்கு வந்த முதல் சொந்தக் கார் எது, எந்த வருசம், எந்தத் தெரு வழியாக வந்தது? தாட்கோ கடனில் வந்ததா, லாரி ஓட்டிச் சேர்த்த காசில் வந்ததா? யார் மறித்தார்கள்? யார் வேலை இழந்தார்கள்? முதலில் யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது? தேதியோடு எழுதுங்கள். ஆர்.சி. புத்தகம் இருந்தால் நகல் எடுத்து வையுங்கள். கவலைப் பறி தைத்த ஊசி இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

பழைய காரைப் பார்த்து ஏங்குகிறவர்கள் ஏங்கட்டும். நம்மிடம் சொல்ல வேறு கதை இருக்கிறது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்ச வருசம்தான் இருப்பார்கள்.